‘டெஸ்ட்னு நினைச்சேன், ப்ராட் போயிடுச்சு’: மென்பொருள் சூழல்களைப் பிரித்து வைப்பது ஏன் இப்போது அவசரம்?

2025 ஜூலையில் நடந்தது இது. அமெரிக்கத் தொழில்முனைவோர் ஜேசன் லெம்கின், ‘ரெப்லிட்’ தளத்தின் ஏஐ ஏஜென்ட்டை வைத்து ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். ‘நான் அனுமதி தராமல் இனி எதையும் மாற்றாதே’ என்று அதற்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த ஏஜென்ட், செயலியின் நிஜ டேட்டாபேஸை அழித்துவிட்டது. 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன. அழித்ததை மீட்க முடியாது என்றும் அது சொன்னது. லெம்கின் தானே முயன்று பார்த்தபோது மீட்க முடிந்தது.

‘ஏஐ பொய் சொல்கிறது’ என்பதுதான் அப்போது தலைப்புச் செய்தி ஆனது. ரெப்லிட்டின் தலைமைச் செயல் அதிகாரி அம்ஜத் மசாத் அடுத்துச் சொன்னது அவ்வளவாகப் பேசப்படவில்லை. நடந்தது ஏற்கவே முடியாதது என்று ஒப்புக்கொண்ட அவர், செய்யப்போகும் திருத்தங்களை வரிசையாக அறிவித்தார். அதில் முதலாவது: டெவலப்மென்ட் டேட்டாபேஸையும் புரொடக்ஷன் டேட்டாபேஸையும் தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாடு.

ஐடி வேலையில் ஒரு வருடம் இருந்தவர்களுக்கும் இது பழைய பாடம்தான். ‘ப்ராட்ல கை வைக்காதே’ என்பது, வேலையில் சேர்ந்த முதல் வாரமே காதில் விழும் எச்சரிக்கை. பழைய பாடமாக இருந்தும் வங்கிகள், அரசுகள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெரும் நிறுவனங்கள் வரை எல்லோரும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரப்போகும் நேரத்தில், இந்தச் சறுக்கலின் விலை இன்னும் ஏறப்போகிறது. கோடு எழுதும் வேலையில் நீங்கள் இல்லாவிட்டாலும், உங்கள் போன் எண்ணும் வங்கிக் கணக்கும் யாரோ ஒருவருடைய டெஸ்ட் சர்வரில் இருக்கலாம். அதனால் இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மூன்று சூழல்கள் என்றால் என்ன?

நீங்கள் பயன்படுத்தும் எந்த ஆப்பை எடுத்துக்கொண்டாலும், அது பொதுவாகக் குறைந்தது மூன்று இடங்களில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலாவது டெவலப்மென்ட். கோடு எழுதுபவரின் லேப்டாப், அல்லது அவருடைய டீமுக்கான ஒரு சர்வர். இங்கே எது உடைந்தாலும் பரவாயில்லை. உடைத்துப் பார்க்கத்தான் இந்த இடமே.

இரண்டாவது டெஸ்டிங். எழுதிய கோடு சொன்னபடி வேலை செய்கிறதா என்று சோதிக்கும் இடம். பெரிய நிறுவனங்களில் இதையே கியூஏ, யூஏடி, ஸ்டேஜிங் என்று மேலும் பிரித்து வைத்திருப்பார்கள்.

மூன்றாவது புரொடக்ஷன். ஆபீஸ் பேச்சில் ‘ப்ராட்’. நிஜமான மக்கள், நிஜமான பணம், நிஜமான தகவல் எல்லாம் இருக்கும் இடம்.

உணவு டெலிவரி ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று இடங்களிலும் ஓடுவது ஒரே ஆப்தான். ஆனால் அது எந்த டேட்டாபேஸோடு பேச வேண்டும், பணம் வசூலிக்க எந்தச் சாவியைப் பயன்படுத்த வேண்டும், எஸ்எம்எஸ்ஸை நிஜமாகவே அனுப்ப வேண்டுமா, அனுப்பியது போல் பாவனை செய்தால் போதுமா, பிழை வந்தால் எவ்வளவு விவரம் எழுதிவைக்க வேண்டும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். இப்படி மாறும் மதிப்புகளின் தொகுப்புதான் கான்ஃபிகரேஷன், சுருக்கமாக, கான்ஃபிக்.

நம் ஊர் பேமென்ட் நிறுவனங்களே இதற்கு நல்ல உதாரணம். ரேஸர்பேயில் கணக்குத் தொடங்கினால் டெஸ்டுக்கு ஒரு சாவி, லைவுக்கு ஒரு சாவி என்று இரண்டு கிடைக்கும். எது எந்தச் சாவி என்பது அதன் பெயரின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கும். டெஸ்ட் சாவியை வைத்து எத்தனை முறை ‘பே’ பட்டனை அழுத்தினாலும் யார் கணக்கிலிருந்தும் ஒரு ரூபாய்கூடப் போகாது.

எது மாற வேண்டும், எது மாறக் கூடாது?

பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

சூழலுக்குச் சூழல் வேறாக இருக்க வேண்டியவை: டேட்டாபேஸ் முகவரி, பாஸ்வேர்டு, ஏபிஐ சாவிகள், யாருக்கு என்ன அனுமதி, உள்ளே இருக்கும் தகவல், சர்வரின் அளவு.

எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியவை: கோடு, அது சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் வெர்ஷன், டேட்டாபேஸின் வகையும் அமைப்பும், டெப்ளாய் செய்யும் முறை.

நடைமுறையில் பல டீம்களில் இது அப்படியே தலைகீழாக இருக்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மூன்று இடத்திலும் ஒன்றே. ‘எதுக்கு மூணு பாஸ்வேர்டு, யார் ஞாபகம் வெச்சுக்கறது?’ என்பார்கள். ஆனால் லேப்டாப்பில் ஒரு ஜாவா வெர்ஷன், சர்வரில் வேறொன்று. பிறகு ‘என் மெஷின்ல ஓடுதே’ என்ற அமர வசனம்.

இதைச் சீர்படுத்த 2011-இல் ஒரு வழிகாட்டி வந்தது. ஹெரோக்கு நிறுவனத்தின் இணை நிறுவனர் ஆடம் விக்கின்ஸ் எழுதிய ‘ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்’. கான்ஃபிகைக் கோடிலிருந்து முழுமையாகப் பிரித்து, ஆப் ஓடும் சூழலில் வைக்க வேண்டும் என்கிறது அதன் மூன்றாவது விதி. அதற்கு அது தரும் பரிசோதனை எளிமையானது: உங்கள் கோடு முழுவதையும் இந்த நிமிடமே பொதுவெளியில் போட்டால் ஏதாவது ரகசியம் கசியுமா? கசியும் என்றால் பிரிப்பு இன்னும் முடியவில்லை.

ஒரு சின்ன உதாரணம். ஓடிபி சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் எஸ்எம்எஸ்ஸுக்காகக் காத்திருக்க முடியாது. அதனால் கோடுக்குள்ளேயே ‘இது டெஸ்ட் என்றால் 123456-ஐ ஏற்றுக்கொள்’ என்று ஒருவர் எழுதிவைக்கிறார். இப்போது அந்தக் கதவு ப்ராடிலும் இருக்கிறது. ஒரே ஒரு மதிப்புதான் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. என்றாவது ஒரு நாள் அந்த மதிப்பு தவறாகப் போனால், யார் வேண்டுமானாலும் யாருடைய கணக்கிலும் நுழையலாம். அந்த வரி கோடிலேயே இல்லாமல், டெஸ்ட் சூழலில் மட்டும் ஒரு போலி எஸ்எம்எஸ் சேவையை வைத்து, ‘எஸ்எம்எஸ் சேவையின் முகவரி என்ன?’ என்று சூழலிடம் ஆப் கேட்கும்படி செய்தால், இந்தக் கதவே இருக்காது.

வேறாக இருக்க வேண்டியது ஒன்றாக இருந்தால்: ஹவாயின் 38 நிமிடங்கள்

2023-இன் பின்பாதியில் உங்கள் போன் திடீரென்று அலறியது நினைவிருக்கலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை பல மாநிலங்களில் அவசர எச்சரிக்கை முறையைச் சோதித்துப் பார்த்தது. இது மாதிரிச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. முதல் ஐந்து விநாடி பயம், பிறகு மீம்ஸ் என்று அது முடிந்துபோனது.

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 2018 ஜனவரி 13 காலையில் இது எதிர்த்திசையில் நடந்தது. ஒரு பயிற்சியின்போது, ஏவுகணை வருகிறது, உடனே பதுங்குங்கள், இது ஒத்திகை இல்லை என்ற நிஜ எச்சரிக்கை மக்களின் போன்களுக்குப் போய்விட்டது. தவறு என்ற திருத்தச் செய்தி போக 38 நிமிடங்கள் ஆயின. அங்கே இருந்தவர்களில் பலர் அதை நிஜம் என்றே நம்பினார்கள்.

எச்சரிக்கையை அனுப்பிய ஊழியர், பயிற்சியை நிஜம் என்று தவறாக எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் விசாரித்த அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், மென்பொருளின் மீதும் கை காட்டியது. டெஸ்ட் எச்சரிக்கையும் நிஜ எச்சரிக்கையும் ஒரே திரையில், ஒரே பட்டியலில் இருந்தன. ‘நிச்சயமாக அனுப்ப வேண்டுமா?’ என்று அது கேட்ட கேள்வியும் இரண்டுக்கும் ஒன்றுதான். எந்தச் சூழலில் நிற்கிறோம் என்பதை அந்த அமைப்பு அவருக்குச் சொல்லவே இல்லை.

ரெப்லிட்டில் நடந்ததும் இதே ரகம்தான். ஏஜென்ட்டுக்குக் கட்டளை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் டேட்டாபேஸை அழிக்கும் அனுமதியும் அதன் கையிலேயே இருந்தது. கட்டளையை மனிதரும் மறக்கலாம், ஏஐயும் மீறலாம். அனுமதியே இல்லையென்றால் மறந்தாலும் ஒன்றும் ஆகாது.

‘டெஸ்ட் சர்வர்தானே’ என்று விட்டால்

இரண்டாவது அலட்சியம் இன்னும் பரவலானது. ப்ராடுக்குப் பத்துப் பூட்டு போடுவோம். டெஸ்டைத் திறந்து போட்டுவிடுவோம்.

2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு தகவலை வெளியிட்டது. ரஷ்ய அரசோடு தொடர்புடைய ‘மிட்நைட் பிளிஸார்ட்’ என்ற ஹேக்கர் குழு, நிறுவனத்தின் மூத்த தலைவர்கள் சிலருடைய மின்னஞ்சலையும், சைபர் பாதுகாப்பு மற்றும் சட்டப் பிரிவு ஊழியர்கள் சிலருடைய மின்னஞ்சலையும் படித்திருந்தது. உள்ளே நுழைந்த வழி, புரொடக்ஷனோடு சேராத ஒரு பழைய டெஸ்ட் கணக்கு. அதில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லை. பொதுவான பாஸ்வேர்டுகளைப் பல கணக்குகளில் போட்டுப் பார்க்கும் எளிய முறையே அதைத் திறக்கப் போதுமாக இருந்தது.

டெஸ்ட் கணக்கில் நுழைந்தவர்கள் தலைவர்களின் மின்னஞ்சல் வரை எப்படிப் போனார்கள்? அந்த டெஸ்ட் சூழலில் இருந்த ஒரு பழைய ஆப்புக்கு, நிறுவனத்தின் நிஜச் சூழலுக்குள் உயர் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. அதை யாரும் திரும்பப் பெறவில்லை.

டெஸ்ட் சூழலிலிருந்து ப்ராடுக்கு ஒரு வழி இருந்தால், டெஸ்டும் ப்ராட்தான். அதற்கும் அதே பூட்டு வேண்டும். இல்லையென்றால் அந்த வழியை அடைத்துவிட வேண்டும்.

சாவிகளைக் கோடோடு சேர்த்து வைப்பதும் இப்படியொரு வழிதான். 2016-இல் ஊபர் நிறுவனத்தின் தனிப்பட்ட கிட்ஹப் தொகுப்புக்குள் நுழைந்த ஹேக்கர்களுக்கு, அங்கே அமேசான் கிளவுடைத் திறக்கும் சாவி கிடைத்தது. அதை வைத்து அவர்கள் 5.7 கோடிப் பேரின் தகவல்களை எடுத்தார்கள். ‘ரெப்போ பிரைவேட்தானே’ என்ற நம்பிக்கை அங்கே காப்பாற்றவில்லை.

ஒன்றாக இருக்க வேண்டியது வேறாக இருந்தால்: 45 நிமிடம், 46 கோடி டாலர்

மறுபக்கத்துக்கு வருவோம். 2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்குச்சந்தையின் பெரிய வர்த்தக நிறுவனங்களில் ஒன்றான நைட் கேபிடல், புதிய மென்பொருளை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. 7-இல் ஏற்றினார்கள். எட்டாவது விடுபட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை.

விடுபட்டது மட்டும் என்றால் பெரிய சேதம் வந்திருக்காது. புதிய வசதியை இயக்க, பழைய கான்ஃபிக் கொடி ஒன்றையே மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். பல வருடங்களாகப் பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய நிரலை அந்தக் கொடி முன்பு இயக்கிக்கொண்டிருந்தது. எட்டாவது சர்வரில் அந்தப் பழைய நிரல் இன்னும் உயிரோடு இருந்தது. சந்தை திறந்ததும் கொடி ஏறியது. 7 சர்வர்கள் புது வேலையைச் செய்தன, ஒன்று பழைய வேலையைத் தொடங்கி நிறுத்தாமல் பங்குகளை வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடங்களில் 40 லட்சம் பரிவர்த்தனைகள், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பதற்றத்தில், சரியாக ஓடிய 7 சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்கினார்கள். அதனால் பழைய நிரல் அங்கேயும் விழித்துக்கொண்டது.

சந்தை திறப்பதற்கு முன்பே, பிழையைக் குறிக்கும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன என்கிறது அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பின் உத்தரவு. அவற்றை எச்சரிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கிக் கதை இன்னும் நேரடியானது. 2018 ஏப்ரலில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. நிஜச் சூழல் இரண்டு டேட்டா சென்டர்களில் ஒரே நேரத்தில் ஓட வேண்டியது. ஆனால் எவ்வளவு சுமை தாங்கும் என்ற சோதனையை ஒரு டேட்டா சென்டரில் மட்டுமே நடத்தியிருந்தார்கள் என்று பின்னர் வந்த தனி விசாரணை கண்டறிந்தது. இரண்டுக்கும் இடையே கான்ஃபிக் வேறுபாடுகள் இருந்தன. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்கையே பார்க்க முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுதாகச் சீராக டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் அன்றைய தலைமைத் தகவல் அதிகாரிக்கும் தனியாக அபராதம் விழுந்தது.

‘கான்ஃபிக்தானே மாத்தினேன்’

கோடு மாறினால் ரிவ்யூ, டெஸ்ட், அப்ரூவல் எல்லாம் உண்டு. கான்ஃபிக் மாறினால்? ‘ஒரு வரிதான், நேரா மாத்திடு’ என்பது பல இடங்களில் எழுதப்படாத விதி.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கக் கணினித் திரைகள் நீலமாக மாறின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அன்று அனுப்பியது முழு மென்பொருள் வெர்ஷன் இல்லை. மென்பொருள் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு கான்ஃபிகரேஷன் கோப்பு. அதில் இருந்த வகையில் 21 மதிப்புகள் எதிர்பார்க்கப்பட்டன. அதைப் படிக்கும் நிரலுக்குக் கிடைத்தவை 20. டெஸ்டில் 21-ஆவது இடத்தில் ‘எது வேண்டுமானாலும் இருக்கலாம்’ என்ற குறி இருந்ததால் சிக்கல் வெளியே தெரியவில்லை. அன்று அனுப்பிய கோப்பு முதல்முறையாக அந்த இடத்தில் நிஜ மதிப்பைத் தேடச் சொன்னது. கோப்பு படிப்படியாகப் போகாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனதால், 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

கோடுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை கான்ஃபிகுக்கும் வேண்டும் என்பதை இதைவிட விலை உயர்ந்த உதாரணம் வைத்துச் சொல்ல முடியாது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

வங்கிகளுக்கு இது புதிது இல்லை. டெவலப்மென்ட், டெஸ்ட், புரொடக்ஷன் சூழல்கள் முறையாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 ஜூனில் வெளியிட்ட சைபர் பாதுகாப்புச் சட்டகத்திலேயே சொல்லிவிட்டது.

மற்ற நிறுவனங்களுக்கு வருகிறது பெரிய மாற்றம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன.

தன் வசமோ கட்டுப்பாட்டிலோ உள்ள தனிநபர் தரவுக்கு நிறுவனம் நியாயமான பாதுகாப்பு தர வேண்டும் என்கிறது சட்டம். ஒப்பந்த நிறுவனம் அதற்காகக் கையாளும் தரவும் இதில் அடங்கும். ப்ராடில் இருக்கும் தரவு, டெஸ்டில் இருக்கும் தரவு என்று சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. என்க்ரிப்ஷன், மறைத்தல், யார் அணுகலாம் என்ற கட்டுப்பாடு, யார் எப்போது பார்த்தார் என்ற பதிவு போன்றவற்றைக் குறைந்தபட்சத் தேவைகளாக விதிகள் சொல்கின்றன. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கசிவை முறைப்படி தெரிவிக்காவிட்டால் 200 கோடி வரை. போதாததற்கு, சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற செர்ட்-இன் உத்தரவு 2022-இலிருந்தே இருக்கிறது.

இதை ஒரு சாதாரண வேலைநாளோடு வைத்துப் பாருங்கள். ‘இந்த பக் நிஜ டேட்டாலதான் வருது. ப்ராட் டம்ப் எடுத்து கியூஏல போட்டுடுப்பா’ என்று மேனேஜர் சொல்கிறார். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் லட்சக்கணக்கானவர்களின் பெயர், போன் எண், முகவரி எல்லாம், பாதி டீமுக்குப் பாஸ்வேர்டு தெரிந்த ஒரு சர்வருக்கு இடம் மாறுகின்றன. அங்கிருந்து ஒருவரின் லேப்டாப்புக்கும் போகலாம். பக் சரியாகிவிடும். அந்த டம்ப்பை அழிக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. கசிவு நடந்தால், ‘அது டெஸ்ட் சர்வர்’ என்பதை 2027-க்குப் பிறகு ஒரு பதிலாகச் சொல்ல முடியாது.

சின்ன நிறுவனத்தால் முடியுமா?

நியாயமான கேள்வி. மூன்று சூழல் என்றால் மூன்று மடங்கு கிளவுட் பில் என்று பல ஸ்டார்ட்அப்கள் பயப்படுகின்றன.

டெஸ்ட் சூழல் ப்ராடின் அளவில் இருக்கத் தேவையில்லை. ப்ராடில் 20 சர்வர் என்றால் டெஸ்டில் 2 போதும். ஆனால் ஒன்றுக்குக் குறையாமல் 2 இருப்பது நல்லது, ஏனென்றால் ஒரு சர்வரில் தெரியாத சிக்கல் இரண்டாகும்போதுதான் தலை காட்டும். வெர்ஷனும் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரவிலும் வார இறுதியிலும் அதை நிறுத்தி வைக்கலாம். தனித்தனிக் கிளவுட் கணக்கு, தனித்தனிச் சாவி, தனித்தனி அனுமதி ஆகியவற்றுக்குக் கிட்டத்தட்ட செலவே இல்லை. மேலே பார்த்த பல விபத்துகளில் காணாமல் போனது பணம் கொடுத்து வாங்கும் சர்வர் இல்லை. ஒழுங்காகப் பிரித்த சாவியும் அனுமதியும் சரிபார்ப்பும்தான்.

‘மறைத்த டேட்டாவை வைத்தால் பக் வராதே’ என்பதும் சில நேரம் உண்மை. அப்போது டம்ப்பை வெளியே எடுப்பதைவிட, குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும், பதிவோடு, படிக்கும் அனுமதியை ப்ராடில் கொடுப்பது பாதுகாப்பானது.

நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் டெவலப்பராகவோ டெஸ்டராகவோ இருந்தால், இந்த வாரமே செய்யக்கூடியவை:

1. உங்கள் ப்ராஜெக்ட்டில் பாஸ்வேர்டு, சாவி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நீக்கினால் மட்டும் போதாது. கிட்டின் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். சாவியையே மாற்றுங்கள்.

2. கான்ஃபிக் மதிப்பு கிடைக்கவில்லை என்றால் உங்கள் ஆப் என்ன செய்கிறது என்று பாருங்கள். சில ஆப்கள் பேசாமல் ப்ராட் முகவரியை எடுத்துக்கொள்ளும். மதிப்பு இல்லையென்றால் ஓடாமல் நிற்பதே சரி.

3. உங்கள் தினசரி லாகின், ப்ராடில் எதை அழிக்க முடியும் என்று கேட்டுப் பாருங்கள். ‘எல்லாத்தையும்’ என்பது பதிலாக இருந்தால், அதைக் குறைக்கச் சொல்லி மெயில் போடுங்கள். உங்கள் ஏஐ உதவியாளருக்கு அந்த லாகினைக் கொடுத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

4. ப்ராட் திரைக்கும் டெர்மினலுக்கும் சிவப்பு நிறம் கொடுங்கள். கேட்க விளையாட்டாக இருக்கும். ஹவாயில் டெஸ்டும் நிஜமும் ஒரே திரையில் இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

5. குபர்நெட்டிஸில் ‘சீக்ரெட்’ என்று பெயர் இருப்பதால் மட்டும் அது ரகசியமாகிவிடாது. அதில் இருப்பது பேஸ்64 வடிவம். யார் வேண்டுமானாலும் ஒரு விநாடியில் பிரித்துப் படிக்கலாம். என்க்ரிப்ஷனைத் தனியாக இயக்க வேண்டும், அல்லது வால்ட் போன்ற சேவையைப் பயன்படுத்த வேண்டும்.

6. கான்ஃபிக் மாற்றத்துக்கும் இன்னொரு ஜோடிக் கண் வேண்டும் என்று டீமில் பேசி முடிவு செய்யுங்கள்.

7. ‘ப்ராட் டம்ப் எடு’ என்று சொன்னால், எழுத்தில் கேளுங்கள். மறைத்துத் தரலாமா, எப்போது அழிப்போம் என்ற இரண்டு கேள்வியையும் அதே மெயிலில் சேருங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கடைசியாகச் சொன்னது, டீமில் ஜூனியராக இருப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம். ப்ராடில் ஏதாவது உடைந்தால் முதலில் தேடப்படுவது, கடைசியாக என்டர் தட்டியவரைத்தான். ஹவாயில் வேலை போனது அந்த ஊழியருக்கு. அந்த அமைப்பின் தலைவரும் பிறகு பதவி விலகினார். டெஸ்டையும் நிஜத்தையும் ஒரே திரையில் வைத்த முடிவு ஒரு தனி ஊழியருடையதாக இருக்க முடியாது. அந்தத் தவறான எச்சரிக்கைக்குப் பிறகு, எச்சரிக்கை அனுப்ப இரண்டு பேரின் ஒப்புதல் வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

அந்த இரண்டாவது ஆளும், தனிச் சாவியும், இல்லாத அனுமதியும் உங்கள் ஆபீஸில் இருக்கின்றனவா என்று 2027 மே வருவதற்குள் கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு விசாரணைக் குழுவும் இதையேதான் கேட்கும்.